ராதிமின் சைலன்ஸர்

ராதிமின் ஜாவா மோட்டார் சைக்கிளைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். இதை மென்று விழுங்கிச் சொல்ல வேண்டியதில்லை, எங்கள் பழைய வண்டி கிளப்பில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். என்னிடமும் ஜாவா 250 இருக்கிறது. அதே மாடல், அதே வருடம், அதே கருஞ்சிவப்பு. என்னுடையதில் ஹாரன் பொத்தான் வரைக்கும் கம்பெனி சாமான். டயருக்குள் இருக்கும் காற்றைத் தவிர வெளிச்சரக்கு எதுவும் கிடையாது. அப்படியும் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முன்னால் இரண்டு வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் கூட்டம் அவன் வண்டியைச் சுற்றித்தான் நிற்கும்.

காரணம் சத்தம். ஒரே சிலிண்டர், இரண்டு பக்கமும் சுருட்டு மாதிரி இரண்டு சைலன்ஸர், இரண்டு வண்டிக்கும் அப்படித்தான். ஆனால் என்னுடையது தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கியது போல் கத்தும். அவனுடையது அடிக்குரலில் நிதானமாகப் பேசும். மேட்டில் ஏறும்போது கூடக் குரலை உயர்த்தாது. கிழவர்கள் காதை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பார்கள். பெண்கள் "ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போயேன் ராதிம்" என்பார்கள். நான் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டு நிற்பேன்.

ஆளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ராதிம் பால் லாரி ஓட்டுபவன். பெண்டாட்டி விட்டுவிட்டுப் போய்விட்டாள். அதற்காக ஒரு நாளும் முகம் வாடி நான் பார்த்ததில்லை. வண்டிக்குக் குரோம் பாலீஷ் போடுவது கூடக் கிடையாது, பழைய பனியனால் ஒரு துடை துடைப்பான், அவ்வளவுதான். நான் ரயிலில் டிக்கெட் பரிசோதகன். முப்பது வருடமாக ஜனங்களின் முகத்தைப் பார்த்தே டிக்கெட் இல்லாதவனைப் பிடிப்பவன். ராதிமின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒன்று சொல்லும், இவனிடம் டிக்கெட் இல்லை.

போன மே மாதம் அவனாகவே வந்து மாட்டினான். எங்கள் கிளப் ஆஸ்திரியா பக்கம் ஊர்வலம் போவதாக ஏற்பாடு. பச்சை நம்பர் பலகை உள்ள வண்டிகள் மட்டும்தான் போகலாம் என்று தலைவர் கமில் சொல்லிவிட்டார். பச்சைப் பலகை வேண்டுமென்றால் வண்டி பழையது, பாகங்கள் அசல் என்று கிளப்பின் பரிசோதனைக் குழு கையெழுத்துப் போட வேண்டும். ராதிம் இத்தனை வருடமும் அந்தப் பக்கமே வராதவன், "சரி, நானும் காட்டிடறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டான். குழுவில் இருப்பது கமிலும் நானும். மூன்றாவது ஆள் இடுப்புப் பிடிப்பில் படுத்திருந்தார். அன்றிரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பரிசோதனை எப்போதும் சனிக்கிழமை காலையில், மதுக்கடையின் பின்முற்றத்தில் நடக்கும். நடப்பது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்துவோம். சட்டகத்தில் அடித்த எண்ணைப் பார்ப்போம். கமில் ஒரு சுற்று வந்து டேங்கைத் தட்டிக்கொடுப்பார். பிறகு உள்ளே போய் பீர். சைலன்ஸரை யாரும் திறப்பதில்லை, அது எங்களுக்குள் எழுதாத ஏற்பாடு. ஏனென்றால் அந்தக் கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் கடையில் சைலன்ஸர் கிடைக்காது, ஆளாளுக்கு வேலை செய்த இடத்திலேயே, அரசாங்கத் தகடு, அரசாங்க வெல்டிங் கேஸ், அரசாங்க நேரம் என்று எடுத்து ஓசியில் செய்து மாட்டிக்கொண்டார்கள். திறக்க ஆரம்பித்தால் பாதி கிளப் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நான் ஸ்பேனர், டார்ச், பல் டாக்டர் வைத்திருக்கிற மாதிரி குட்டிக் கண்ணாடி, எல்லாம் கொண்டுபோயிருந்தேன்.

"என்னடா ஹினெக், ஆப்பரேஷனா?" என்றார் கமில்.

"பரிசோதனைன்னா பரிசோதனை" என்றேன்.

ராதிம் சிரித்தான். "பாருப்பா, நல்லா பாரு. எனக்கென்ன."

முதலில் வெளியிலேயே பார்த்தேன். இப்போது கடையில் விற்கிற டூப்ளிகேட்டை நான் பத்தடி தூரத்திலேயே சொல்லிவிடுவேன். குரோம் கண்ணாடி போலப் பளபளக்கும், ஆனால் அடியில் மஞ்சள் பூத்திருக்கும். தட்டினால் டிங் என்று சத்தம் வரும், உள்ளே சதை இருக்காது. கிளாம்ப் பிடிக்கிற கழுத்து ஒரு நூல் அளவு பெரிதாக இருக்கும், அதற்குள் தகடு மடித்துச் செருகியிருப்பார்கள். ராதிமுடையதை விரல் கணுவால் தட்டினேன். டொக் என்றது. கழுத்து கச்சிதம். குரோம் வயதான குரோம், அங்கங்கே தேய்ந்து நிக்கல் தெரிந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. அடியில் கைவிட்டு மூட்டு ஓடுகிற இடத்தைத் தடவினேன். கம்பெனி மூட்டு நூல் பிடித்த மாதிரி ஓடும். இது ஓரிடத்தில், நகத்தின் அகலத்துக்குத்தான், லேசாக நெளிந்தது.

"பின்பக்க நட்டைக் கழட்டறேன்" என்றேன்.

ராதிமின் சிரிப்பு நின்றது. "அது வேணாம்பா. கரி பிடிச்சு ஒட்டிக்கிட்டிருக்கும். உடைஞ்சுடப் போவுது."

"உடையாது. நான் பாத்துக்கறேன்."

"ஹினெக், விடு." குரலை அவன் இறக்கிச் சொன்னான். "வேற எதை வேணா கழட்டு. இஞ்சினைக் கூடப் பிரி."

இதைத்தான் நான் ரயிலில் தினமும் கேட்கிறேன். இந்தப் பையைப் பாருங்க சார், அந்தப் பையைப் பாருங்க சார், இந்த ஒரு பை மட்டும் வேண்டாம் சார். எனக்குள் குதிரை கனைத்தது. கமில் "விட்டுத் தொலையேண்டா, சாப்பாடு ஆறிடும்" என்று உள்ளே கைகாட்டினார். நான் நட்டில் எண்ணெய் விட்டு, ஸ்பேனரை வைத்துத் திருப்பினேன். ஒட்டிக்கொண்டெல்லாம் இல்லை. வெண்ணெய் போலக் கழன்றது. வால்மூடியோடு உள்குழலும் கையில் வந்தது. முழங்கை நீளம், முழுக்கத் துளை போட்டது, ஈரக் கரி மூடியது.

துணியால் துடைத்தேன். துளைகளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, கம்பெனி பிரஸ்ஸில் அடித்த துளை இல்லை, ஒவ்வொன்றாக ட்ரில் போட்டது. வரிசையும் ஒரே சீராக இல்லை. முன்பக்கம் நெருக்கி, பின்பக்கம் போகப் போக விட்டு விட்டு, யாரோ யோசித்து யோசித்துப் போட்ட மாதிரி இருந்தது. டூப்ளிகேட். பிடித்துவிட்டேன். கமிலைக் கூப்பிட வாயைத் திறந்தபோதுதான் முனையில் இருந்த தட்டைப் பார்த்தேன். தட்டும் குழலும் சேர்கிற இடத்தில் கேஸ் வெல்டிங். பொடிப் பொடி மீன் செதில் மாதிரி வளையம் சுற்றி வந்து, ஆரம்பித்த இடத்தைத் தொட்டு, அங்கே நிற்காமல் கொஞ்சம் பின்னால் போய், ஒரு கொக்கி போட்டு முடிந்திருந்தது.

அந்தக் கொக்கியை எனக்குத் தெரியும். என் வீட்டுத் தோட்டக் கேட்டில் அது இருக்கிறது. பிளம் காயப்போடுகிற தட்டுகளில் இருக்கிறது. என் மாமியார் கல்லறையின் விளக்குத் தாங்கியில் இருக்கிறது. கொக்கி போட்டு முடித்தால் பிற்பாடு அந்த இடத்தில் விரிசல் விடாது என்று என் மனைவி லுத்மிலா சொல்வாள். டிராக்டர் பழுதுபார்க்கும் நிலையத்தில் வெல்டராக இருந்தவள் அவள். அங்கே வேறு யாரும் அப்படி முடிப்பதில்லை, அதுக்கெல்லாம் அவனுகளுக்குப் பொறுமை கிடையாது என்றும் சொல்வாள்.

இன்னொரு பக்கத்துச் சைலன்ஸரையும் கழற்றினேன். அதிலும் கொக்கி.

"என்ன, கடைச் சரக்கா?" என்றார் கமில்.

"கடைச் சரக்கு இல்லை."

"அப்ப கம்பெனியா?"

"அதுவும் இல்லை."

ராதிம் என்னைப் பார்க்கவில்லை. மதுக்கடையின் கூரை ஓடுகளை எண்ணுகிறவன் போல நின்றான். நான் ஒரு உள்குழலைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சாப்பிட்டு வந்து சொல்றேன்" என்று கிளம்பினேன். வீடு இரண்டு தெரு தள்ளித்தான். சட்டையில் டூ ஸ்ட்ரோக் எண்ணெய் ஊறிக்கொண்டே வந்தது. அது ராதிமின் எண்ணெய் என்று நினைக்க நினைக்க எனக்கு உடம்பு முழுக்க அரித்தது.

லுத்மிலா சமையலறையில் வேகவைத்த மாவு உருளையை நூலால் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் செய்தித்தாளை விரித்து அதன்மேல் குழலை வைத்தேன்.

அவள் நூலைக் கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தாள். "இது எப்படி இங்க வந்துச்சு?"

"அத நான் கேக்கணும்."

"நீ என்னத்தைக் கேக்கறது. சைலன்ஸருக்குள்ள இருக்க வேண்டிய சாமான் என் சாப்பாட்டு மேசைக்கு எப்படி வந்துச்சுன்னு கேக்கறேன்."

"உன் வேலைதானே?"

"என் வேலைதான்." கையைத் துடைத்துக்கொண்டு குழலை எடுத்தாள். முனையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். "பரவாயில்லையே. ஒரு இடம் கூட விடலை."

"எப்போ?"

"நீ வர்றதுக்கு முன்னாடி. நிலையத்துல நான் சேந்த மூணாவது வருஷமோ என்னமோ. அவன் ஸ்டோர்ல இருந்தான்."

"ஸ்டோர்ல இருந்தான்னு மட்டும்தான் எங்கிட்ட சொன்னே."

"இருந்தானே."

"லுத்மிலா."

"ஆமாய்யா, பழகினோம். ஒரு குளிர்காலம். அவன் வண்டியில சைலன்ஸர் மக்கிப்போச்சு, எங்கயும் கிடைக்கலை. நான் பண்ணித் தரேன்னேன். சாயந்தரம் எல்லாரும் போனப்புறம் உக்காந்து பண்ணினேன். அப்புறம் அவனுக்கும் எனக்கும் ஒத்து வரலை, விட்டாச்சு. இதுல நீ எங்கய்யா வந்தே? நீ அப்ப ப்ர்னோ ரயில்ல டிக்கெட் கிழிச்சுக்கிட்டிருந்தே."

"சத்தம்?" என்றேன். கேட்க வேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை, வாயில் வந்துவிட்டது.

அவள் முகம் கொஞ்சம் மாறியது. "சத்தமா? அது தானா வந்ததில்லை. முதல்ல மாட்டினப்ப ஆடு மாதிரி கத்துச்சு. நாலு துளை போடுவேன், அவன் முற்றத்தைச் சுத்தி ஓட்டுவான், நான் நின்னு கேப்பேன். கழட்டு, இன்னும் நாலு. மறுபடி ஓட்டு. பனியில காது விறைச்சுப்போகும். சில துளையை அடைச்சுட்டு வேற இடத்துல போட்டேன். பாரு, இங்க, இங்க." காட்டினாள். அடைத்த இடங்கள் இருந்தன.

இத்தனை வருடம் எந்தச் சத்தத்துக்காக ராதிமைப் பார்த்துப் பொருமினேனோ, அது என் பெண்டாட்டியின் சத்தம். சர்ச் முன்னால் ஊரே காதைத் திருப்பிக்கொண்டு நின்றது அவளுக்காக. அவளும் கூட்டத்தில் கைப்பையை வைத்துக்கொண்டு, என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னவள் இல்லை.

"எனக்கு ஏன் பண்ணித் தரலை?"

"என்னது?"

"அவனுக்குப் பண்ணினே. கட்டின புருஷன், எனக்கு ஏன் பண்ணலை?"

லுத்மிலா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உன் சைலன்ஸர் ஓட்டை விழுந்துச்சே, ஞாபகம் இருக்கா? நான் ஒட்டித் தரேன், வேணும்னா புதுசே பண்ணித் தரேன்னேன். வெல்டிங் டார்ச்சைக் கூடப் பத்த வச்சுட்டேன். நீ ஓடி வந்து வண்டிக்கு முன்னாடி நின்னே. 'கை வச்சுடாதே, கம்பெனி சாமான்'னே. அப்புறம் ஒண்ணரை வருஷம் வண்டியைப் போர்வை போட்டு மூடி வச்சு, ஜெர்மன்காரன்கிட்ட எழுதி எழுதி வாங்கினே. எனக்கென்ன தலையெழுத்தா, மறுபடி கேக்க?"

எனக்கு ஞாபகம் இருந்தது. அப்போதும் நான் செய்தது சரி, இப்போதும் சரி என்றுதான் சொல்வேன், கம்பெனி சாமானில் யாரும் கை வைக்கக் கூடாது. குழலை மறுபடி துணியில் சுற்றினேன்.

"என்ன பண்ணப் போறே?" என்றாள்.

"விதி என்னவோ அது."

"சாப்பிட்டுப் போ."

"வந்து சாப்பிடறேன்."

நேராக மதுக்கடைக்குப் போகவில்லை. என் ஷெட்டுக்குப் போனேன். அங்கே சுவரில், எண்ணெய்க் காகிதம் சுற்றி ஒரு ஜோடி சைலன்ஸர் தொங்கியது. முத்திரையோடு, ஒரு நாளும் வண்டியில் ஏறாதது. என் வண்டிக்கு ஏதாவது ஆனால் இருக்கட்டும் என்று வைத்திருந்தது. கிளப்பில் எத்தனையோ பேர் கேட்டும் தொட விட்டதில்லை. அதைத் தோளில் போட்டுக்கொண்டேன். என் மனதில் இருந்தது இவ்வளவுதான்: அந்த இரண்டு குழலும் ராதிமின் வண்டியை விட்டு இறங்க வேண்டும். இறங்கி என் ஷெட்டுக்கு வர வேண்டும். இனி அந்தச் சத்தம் ஊரில் யார் காலுக்கு நடுவிலாவது ஓட வேண்டுமென்றால் என் காலுக்கு நடுவில் ஓடட்டும்.

முற்றத்தில் கமில் பீரோடு உட்கார்ந்திருந்தார். ராதிம் வண்டியின் பக்கத்திலேயே நின்றான், சாப்பிடப் போகவில்லை போல.

"முடிவைச் சொல்றேன்" என்றேன். "சைலன்ஸர் ரெண்டும் கம்பெனி இல்லை. கையால பண்ணினது. இப்படியே பாஸ் பண்ண முடியாது."

"போச்சுடா" என்றார் கமில். "எல்லாம் உன்னால வர்ற வினை, ஹினெக்."

"முழுசா கேளுங்க. இது புத்தம் புது ஒரிஜினல் ஜோடி." காகிதத்தைப் பிரித்தேன். வெயிலில் குரோம் கண்ணைக் கூச வைத்தது. "ராதிம், இதை எடுத்துக்கோ. இப்பவே மாட்டலாம், நானே மாட்டறேன். இன்னிக்கே கையெழுத்து. பதிலுக்கு அந்தப் பழசு ரெண்டையும் குடுத்துடு."

கமில் டம்ளரைக் கீழே வைத்தார். "டேய், உனக்குக் காய்ச்சல் கீய்ச்சல் இல்லையே? போன வருஷம் நான் கெஞ்சினேன், தொட்டுப் பாக்கக் கூட விடலை."

ராதிம் அந்தப் புது சைலன்ஸரைப் பார்க்கவில்லை. என் எண்ணெய்ச் சட்டையைப் பார்த்தான், கக்கத்தில் இருந்த துணிச் சுருளைப் பார்த்தான், பிறகு என் முகத்தைப் பார்த்தான். நான் எங்கே போய்விட்டு வந்தேன் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அதைக் குடு" என்றான். கையை நீட்டினான். நான் கொடுத்தேன், ஏன் கொடுத்தேன் என்று தெரியாது. பிச்சைக்காரன் நீட்டுகிற கை இல்லை அது, சாவியைக் கேட்கிற வீட்டுக்காரன் கை.

குனிந்து உள்குழலை இடம் பார்த்துச் செருகினான். நட்டைக் கையாலேயே திருகினான். அடுத்ததையும் செருகினான்.

"என்னடா பண்றே?" என்றார் கமில்.

"பச்சைப் பலகை வேணாம்."

"பைத்தியக்காரா, ஆஸ்திரியா?"

"பின்னாடி வர்ற பஸ்ஸுல வரேன். உங்க மூட்டை முடிச்சைப் பாத்துக்கறேன்."

"இதை விட நல்ல சைலன்ஸர் இந்த நாட்டுலயே இல்லை" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"இருக்கும்" என்றான் ராதிம். "எனக்கு இது போதும்."

ஒரே உதை. வண்டி கிளம்பியது. முற்றத்து வாசலைத் தாண்டி, இடது பக்கம் திரும்பி, நிதானமாக, குரலை உயர்த்தாமல் போனான். கமில் கேலி செய்யக்கூட மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். நானும் கேட்டேன். நாலு துளை, பிறகு நாலு துளை. பனியில் காது விறைக்க நின்றவள் எனக்குத் தெரிந்தாள். அவளுக்கு அப்போது என்ன வயது இருந்திருக்கும் என்று யோசித்தேன், நான் பார்க்காத வயது.

வீட்டுக்குத் திரும்பி நடந்தபோது புது சைலன்ஸர் தோளை அறுத்தது. வாசலுக்கு வரும் முன் அதை வேலிக்குப் பின்னால் புல்லில் சாய்த்து வைத்தேன். ராதிம் சொன்னதை அவளிடம் அப்படியே சொல்ல முடியாது என்று முடிவு பண்ணிவிட்டேன். பலகை வேண்டாம், ஊர்வலம் வேண்டாம், அவள் செய்தது போதும் என்று ஒருவன் சொன்னான் என்பதை என் வாயால் கொண்டுபோய் அவள் கையில் கொடுக்க நான் என்ன தபால்காரனா?

லுத்மிலா மேசையில் தட்டு வைத்திருந்தாள். "என்னாச்சு?"

"பாஸ்" என்றேன். "என்கிட்ட இருந்த ஒரிஜினல் ஜோடியைக் குடுத்தேன். உடனே மாட்டிக்கிட்டான். பழசைக் குப்பையில போடச் சொல்லிட்டான். பச்சைப் பலகை கிடைச்சாப் போதும் அவனுக்கு."

அவள் கரண்டியோடு நின்றாள். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அழுகையும் இல்லை. ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னல் திறந்திருந்தது, தெருவைப் பார்த்த ஜன்னல்.

"இப்பத்தான் இந்த வழியாப் போனான், கேட்டேன்" என்றாள்.

நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

அவள் அடுப்புப் பக்கம் திரும்பினாள். மாவுத் துண்டுகளை எடுத்து என் தட்டில் அடுக்கினாள், மேலே சாஸை ஊற்றினாள். பிறகு தன் தட்டில் இருந்த இறைச்சித் துண்டையும் எடுத்து என் தட்டில் வைத்தாள், உடம்பு சரியில்லாதவனுக்கு வைப்பது போல. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் திட்டியிருப்பேன். "சூடா இருக்கறப்பவே சாப்பிடு" என்றாள்.